கடலுக்குப் போகும் நாளின் மாத்திரை

கோட்டைப்பட்டினம் பஸ் புதுக்கோட்டையை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. முன் சீட்டில் ஒரு மீனவர், பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. மீனவர் கையில் புது மாத்திரை அட்டை.

"ரத்தம் உறையாம இருக்க இனிமே ராத்திரி ஒண்ணுதான் மாப்ள. ரெண்டு வேளைத் தொல்லை விட்டுச்சு."

"ஏன் மாத்துனாங்க?"

"பழசு இவ்வளவு மிச்சமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. மறந்துட்டேன்னு சொன்னேன். அதான் ஒரு வேளையாக்கிட்டாங்க."

"மறந்தீங்களா?"

"கடலுக்குப் போற அன்னிக்குக் காலை மாத்திரைக்கு லீவு. கெளுத்தி முள்ளு குத்துனா ரத்தம் நிக்க மாட்டேங்குதுல்ல. இனிமே முதநாள் ராத்திரி லீவு."

"காலையில விட்டாலும் சாயங்காலம் ஒண்ணு உள்ள போச்சு மச்சான். இனி விட்டா முழுநாளும் ஒண்ணுமில்ல. நெஞ்சு தாறுமாறா அடிக்கிற ஆளு நீங்க. ரத்தம் கட்டி மூளைக்குப் போனா கை விழுந்துரும். வலையை யாரு இழுப்பா?"

மீனவர் வலது கையை விரித்து மூடிப் பார்த்தார்.

"டாக்டரம்மா இன்னும் இருப்பாங்களா?"

"ஒரு மணி வரைக்கும்."

அடுத்த ஸ்டாப்பில் இருவரும் இறங்கினார்கள். எதிரே புதுக்கோட்டை போகும் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

"முள்ளு விஷயத்த நீ சொல்லு மாப்ள."

"திட்டு ஒங்களுக்குத்தான். ஓடுங்க."

மீனவர்தான் முன்னால் ஓடினார்.