முன்னங்கால் கட்டு

குதிரைக் காலுக்குக் கட்டுப் போடுவதில் கோயமுத்தூரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் சார். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமை போதாது, அவ்வளவுதான்.

நான் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இறந்துபோன வரதராஜுலு என் தங்கை கனகத்தின் வீட்டுக்காரர். குதிரை அவருடையது. எண்பத்தெட்டில் குட்டியாக வந்ததிலிருந்து இந்த ஆறு வருஷமும் அதற்குப் புல் போட்டது, குளிப்பாட்டியது, வயிற்றுவலிக்கு மருந்து ஊட்டியது மட்டும் நான். ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் விற்றுவிடப் போவதாகச் சொன்னார். சொந்தக்காரர், விற்கலாம். எனக்கு அதன் மேல் உயிர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மாப்பிள்ளை போத்தனூர் தாண்டிக் குதிரை வண்டியை விரட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் கழன்று வண்டி குடைசாய்ந்தது. முறிந்த வண்டிக் கட்டை அவர் தொடையில் ஏறிவிட்டது. குதிரைக்கும் முன்னங்காலில் அடி. என் பையில் கொஞ்சம் பஞ்சும் ஒரே ஒரு பேண்டேஜ் சுருளும் இருந்தன.

வாயில்லா ஜீவனை முதலில் கவனிப்பதுதானே நியாயம். மாப்பிள்ளைக்கு வாய் இருந்தது, நன்றாகவே இருந்தது.

"மச்சான், ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. இங்க வாங்க."

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க மாப்ளை, குதிரை மிரளுதுங்க," என்றேன். மரியாதையில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

முதலில் கழுத்தைத் தடவிக் குதிரையைச் சாந்தப்படுத்த வேண்டும். பிறகு காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்து, சீராகச் சுற்ற வேண்டும். துணியில் சுருக்கம் விழுந்தால் கால் வீங்கிவிடும். விழுந்தது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன். மூன்றாம் தடவைதான் எனக்குத் திருப்தியாக வந்தது. அதற்குள் மாப்பிள்ளையும் அமைதியாகிவிட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களாண்ணா?" என்று வீட்டில் கனகம் கேட்டாள்.

"குதிரையப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னாரு கண்ணு."

அழுதுகொண்டே அதன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன்.

நேற்று எங்கள் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லியனுப்பினாராமே. அவர் சொன்னது சரிதான். குதிரைக் காலில் இருந்தது முள் கீறின ஒரு கோடு. ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தால் போதும். மாப்பிள்ளை முதல் தடவை கூப்பிடும்போதே அது எனக்குத் தெரியும்.