எட்டு இன்ஜின் பிளேனுக்கு ஒரு லெட்டர்

ஸ்பையா? நானா? இன்னா ஏட்டு சார், காலங்காத்தால காமெடி பண்றீங்கோ! மொதல்ல குந்துங்கோ. ஐரீனு, சாருக்கு ஸ்டூலு போடு. அது ஆடும்டி, இத்தப் போடு.

ஆமா, லெட்டர் நான்தான் எழுதுனேன். கீழ இக்னேஷியஸ்னு பேரு, ராயபுரம், வூட்டு நம்பரு, அல்லாம் போட்டுக்கீறேனே. எந்த ஸ்பை சார் வெலாசம் போட்டு அமெரிக்காகாரன் ஆபீசுக்கு லெட்டர் எழுதுவான்?

குண்டு போட்ற பொம்மரு பிளேனு பத்தி எனக்கு எப்டித் தெரியுமா? பேப்பர்லதான். அப்பால, இருவத்திரெண்டு வருசமா ஹார்பர்ல கிரேன் ஓட்றேன், லோடு மேட்டர்னா நமக்கு அத்துப்படி. ஈராக்கு சண்டைக்கு எட்டு இன்ஜின் பிளேனு ஒன்னு ரெடியா நிக்குதுல்ல? அத்த அணுகுண்டு போடன்னே கட்னான் சார். ரஷ்யாகாரனோட அந்த அணுகுண்டு சண்டை வரவேல்ல. இம்மாம் பெரிய பிளேன சும்மா நிறுத்திக்கினு இன்னா பண்றது? உள்ளாற ரேக்கு அடிச்சி, ரெக்கைக்கு அடில வேற மாட்டி, சாதா குண்டு ஏத்திட்டான். நூத்தியெட்டு! புள்ளையாருக்கு ஒடைக்கிற தேங்கா கணக்கு. சிரிக்கிறீங்களே, நெசம்தான் சார்.

வியட்நாம்ல மூட்டைய அவுத்து வுட்டா மாதிரி கொட்னான். எங்க வுழும்னு அவனுக்கே தெரியாது. இப்போ குண்டு வால்ல ஒரு மிஷினு வெச்சிட்டான். சாட்டிலைட்டு வழி சொல்லும், குடுத்த வெலாசத்துக்கு கூரியர் மாதிரி நேரா போவும். நம்ம தோஸ்து தாவூது நம்ப மாட்டேன்றான். கொருக்குப்பேட்டைக்கு அனுப்புன கூரியரே தப்பா டோல்கேட்டுல போய் நிக்கிது, குண்டு மட்டும் கரீட்டா போவுமான்றான். அத்தக் கேட்டதும் எனக்கு பேஜாராப் பூட்ச்சி.

லெட்டர்ல கீற நம்பரா? அது ரகசியம் இல்ல சார், மேப்பு நம்பரு. கடல்ல கப்பலு எங்க நிக்கிதுன்னு பாக்கறாங்களே, அது. நம்ம கேப்டன் ஒருத்தர்தான் பாத்து சொன்னாரு. பாக்தாதுல ஒரு மாடி வூடு.

என் தங்கச்சி ஹில்டா அங்கதான் கீறா. மடத்து சிஸ்டரு. கூட நடக்க முடியாத கொயந்தைங்கோ பதினேழு. அல்லாரும் ஊருக்கு வந்துட்டாங்கோ, நீயும் வந்துடும்மானு போன்ல அழுதேன். பதினெட்டு டிக்கெட்டா எடு அண்ணாத்தேன்னு சிரிக்கிறா.

அதான், குண்டு போட வேண்டிய எடத்துக்கு அல்லாரும் வெலாசம் தர்றாங்கோ, போடக்கூடாத எடத்துக்கு நான் ஒன்னு தர்றேன்னு எழுதுனேன். அவ்ளோதான் சார்.

இன்னா, பேனாவ மூடிட்டீங்கோ? ஸ்டேசனுக்கா? வர்றேன், வர்றேன். அதுக்கு மின்ன உங்க கையில கீற அந்த லெட்டர் ஜெராக்ஸ ஒரு தபா காட்டுங்கோ. கடசி நம்பரு எட்டா மூணான்னு ஒரு டவுட்டு. மூணு போட்டாதான் அந்த வூடு. நாலு நாளா சோறு எறங்கல சார்.

இப்டி வெளிச்சத்துல காட்டுங்கோ.

மூணுதான்! ஐரீனு, மூணுதான்டி போட்டுக்கீறேன்! இருங்கோ சார், சட்டைய மாட்டிக்கினு வந்துட்றேன்.