வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்

...வீட்டுக்காரம்மா அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னாங்க, நான் பத்தவைக்கலையே! நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. ஒரு தீக்குச்சி உரசிருப்பேனா? கரண்டு போனாக்கூட மெழுகுவத்தி ஏத்தாம இருட்டுலயே உக்காந்திருப்பேன். அப்பேர்ப்பட்டவளப் போயி 'இன்னைக்கே காலி பண்ணு'ன்னா என்னங்க நியாயம்? திங்கக்கெழம பரீட்சை ஆரம்பிக்குது. நான் சர்க்யூட்டப் படிப்பேனா, வீடு தேடுவேனா? சாமானெல்லாம் ஆட்டோவுல கெடக்கு. அந்தா, உங்க வாசல்லதான் நிக்குது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இறக்கிருவேன்.

என்னங்க? ஆமா, நான்தான் லின்சி. கடைக்கார அண்ணன் சொல்லி அனுப்புன பொண்ணு. ஊரு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பா பேரு ஆண்டனி, வயலக் குத்தகைக்கு விட்டுட்டு கத்தார்ல வெல்டரா இருக்காங்க. நான் இன்ஜினியரிங் மூணாவது வருசம். இத்தனை நாளும் ஞானாம்பாள் அம்மா வீட்டு மாடியிலதான் இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா அவங்கள? தெரியாதா? நல்லதாப் போச்சு. நல்லவங்கதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனா சந்தேகம்! யப்பா, அந்தச் சந்தேகம்! மாடியில ஸ்பூன் கீழ விழுந்தா, கீழேர்ந்து 'என்னடி சமைக்கிற?'ம்பாங்க.

நான் எங்கங்க சமைச்சேன்? தண்ணி சுட வைக்கிற ராடு இருக்குல்ல, அத பக்கெட்டுல போடுவேன். போடுறதுதான் போடுறோம், கூட ரெண்டு முட்டையையும் போட்டா என்ன? குளிக்கவும் ஆச்சு, திங்கவும் ஆச்சு. இதுக்குப் பேரு சமையலா? குளியல்ங்க அது! அவங்க கேட்டப்ப நான் அப்படித்தான் சொன்னேன். 'முட்டையும் குளிக்குதும்மா'ன்னேன். சிரிக்கவே இல்லையே அவங்க. நீங்களும் சிரிக்க மாட்டேங்குறீங்க... சரி விடுங்க.

அப்புறம் வைக்கோப் பெட்டி. அது நானே செஞ்சது ஆன்ட்டி, ஆட்டோவுல இருக்கு, காட்டுறேன். அவங்க மகன் பிரபு துபாய்லேர்ந்து டிவி கொண்டாந்தார்ல, அந்த அட்டைப்பெட்டிய வெளிய போட்டிருந்தாங்க. எடுத்து, உள்ள சுத்தி வைக்கோல நல்லா அமுக்கி, நடுவுல என் பழைய பாவாடைய மெத்தை மாதிரி தச்சு வச்சேன். அரிசிய ராடுல ஒரு கொதி கொதிக்க விட்டு, சட்டியோட தூக்கி அதுக்குள்ள வச்சு மூடிட்டுக் காலேஜுக்குப் போயிருவேன். திரும்பி வந்தா சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கும்! யாரு சமைச்சா? நானா? நான் லேப்ல இருந்தேன், வேணும்னா அட்டெண்டன்ஸ் பாத்துக்கங்க. அது தானா வெந்துக்கிட்டா நான் என்ன பண்றது?

என்ன, மாடா? யாருங்க அந்தக் கதைய உங்ககிட்ட சொன்னது? அந்தக் கடைக்கார அண்ணனா? அது என் தப்பே இல்லீங்க. பெட்டிய ஒரு நாள் போர்டிகோவுல வச்சேன், அடுத்த தெரு மாடு வந்து வைக்கோலப் பிச்சுச் சாப்பிட்டுச்சு. சரி, மாடுதானே. சோத்தையும் சாப்பிட்டுச்சு. சரி, சாப்பிடட்டும். சட்டிக்குள்ள தலைய விட்டு எடுக்கத் தெரியாம, சட்டியோட தெரு தெருவா ஓடுச்சு பாருங்க... அதுலதான் ஞானாம்பாள் அம்மாவுக்கு மானம் போயிருச்சாம். மாடு மாட்டிக்கிட்டதுக்கு அவங்களுக்கு என்ன மானம்?

காய்கறிக்குக் கீழவாசல் மார்க்கெட்டுக்குச் சாயங்காலந்தான் போவேன். யாவாரிங்க கூறு கட்டி மலிவா அள்ளிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கெளம்புற நேரம். சொத்தைய வெட்டிப் போட்டா கத்திரிக்கா கத்திரிக்காதானே? பழைய டேப்ரிக்கார்டு மோட்டார்ல மோர் கடையிற மெஷின் ஒண்ணு செஞ்சேன். நல்லாத்தான் கடைஞ்சுச்சு. செவுத்துல அடிச்சதத் தொடச்சுட்டேன். உங்க செவுத்துல அடிக்காது, மூடி போட்டுட்டேன் இப்ப.

ஆனா ஒண்ணு ஆன்ட்டி, எல்லாத்துக்கும் மேல அயர்ன் பாக்ஸுதான். கவுத்துப் போட்டு ரெண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, மேல ஈயத்தாள விரிச்சீங்கன்னா, தோசைக்கல்லு தோத்துச்சு! காட்டன்ல வச்சா முறுகல். சில்க்ல வச்சா மெத்துனு ஆப்பம் மாதிரி வரும். அவசரம்னா லினன். என்னோடது வயரு போச்சு, அதனால ஞானாம்பாள் அம்மாவோடத கடன் வாங்குவேன். பிரபு கொண்டாந்ததுதான், துபாய் சாமான். துணி தேய்க்கத்தான் கேப்பேன். துணியும் தேய்ப்பேங்க!

இப்ப விசயத்துக்கு வர்றேன். நேத்து வெள்ளிக்கிழமையா? அவங்க பொண்ணு அனுராதாவப் பொண்ணு பாக்க வந்தாங்க. சிங்கப்பூரு மாப்பிள்ளை. வீடே அமளி துமளி. கேசரி, பஜ்ஜி, வாழப்பூ வடை... எனக்கு ஒரு வடை வந்திருக்குமா? ம்ஹூம். காலையில நான் வாங்கிட்டுப் போன அயர்ன் பாக்ஸத் திருப்பிக் கொடுத்தேன். அவங்க அதுலயே அனுராதாவோட பட்டுப்புடவையத் தேய்ச்சுக் கட்டிவிட்டிருக்காங்க. பொண்ணு காபித்தட்டோட வந்து குனிஞ்சுதோ இல்லையோ, மாப்பிள்ளையோட அம்மா மூக்க உறிஞ்சி, 'என்னங்க, கருவாட்டு வாசம் வருது?'ன்னாங்களாம்.

வரத்தானே செய்யும்? காலையில நான் அதுல சுட்டது நெத்திலிக் கருவாடுங்க! பூம்புகார்ல வாக்கப்பட்ட எங்க அத்தை கொடுத்தனுப்புனது. நாலு சுட்டா ஒரு சட்டி பழையசோறு இறங்கும். அந்தம்மா எந்திரிச்சு, 'வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருவாடு பொங்குற வீட்ல நாங்க கை நனைக்கிறதில்ல'ன்னு செருப்ப மாட்டிட்டாங்களாம். மாப்பிள்ளை மட்டும் பஜ்ஜிய ஒரு பார்வை பாத்துட்டுப் போனாராம், பாவம்.

அதுக்கு நானா பொறுப்பு? எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். வீடு கேட்டு வந்த அன்னைக்கே சொன்னேனே, 'வெள்ளிக்கிழமை நான் சுத்தபோசனம்மா'ன்னு! அதக் கேட்டுத்தானே, 'வேதக்காரப் பொண்ணா இருந்தாலும் என்ன சுத்தம்!'னு பூரிச்சுப் போயி ரூமக் கொடுத்தாங்க! சுத்தபோசனம்னா கறிதாங்க ஆகாது, மீனு ஆகும். எங்க கோயில்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவங்க அத முழுச் சைவம்னு நெனச்சுக்கிட்டா... அர்த்தம் கேக்காதது யாரு தப்பு?

என்ன ஆன்ட்டி, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? தண்ணியா? ஆமா ஆமா, கொண்டாங்க, பேசிப் பேசித் தொண்டை காஞ்சு கெடக்கு. நான் இங்கயே நிக்கிறேன். தியாகராசன் அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க! ஆட்டோ எங்கயும் ஓடிறாது, நானும் ஓடிற மாட்டேன். ஆன்ட்டி இப்பத்தான் தண்ணி எடுக்கப் போயிருக்காங்க, முடிஞ்ச மாதிரிதான்...

ஆன்ட்டி? பானைத் தண்ணின்னாலும் பரவால்ல ஆன்ட்டி!

...அது என்ன சத்தம்? தாப்பாளா?

ஆன்ட்டி! அம்சம் ஆன்ட்டி! கதவத் தெறங்க. ஜன்னலையும் சாத்துறீங்களே! சரி. தெறக்காட்டிப் போங்க. போறதுதான் போறேன், முழுசாச் சொல்லிட்டுப் போறேன், கதவே கேட்டுக்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமையாவது நான் அந்த வீட்ல கருவாடு சுட்டிருக்கேனா? கேட்டுப் பாருங்க! அவங்க பூசை பண்ற நாளு, அவங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தவக்காலமோ எந்தக் காலமோ, வெள்ளிக்கிழமைன்னா மோருஞ்சோறுந்தான் எனக்கு. நேத்து மட்டுந்தான் சுட்டேன். வேணும்னுதான் சுட்டேன்!

வியாழக்கிழமை சாயங்காலம் அனுராதா மாடிக்கு வந்து என் மடியில படுத்து அப்படி அழுதா. பி.காம் முடிக்க இன்னும் ஒரே வருசம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னடான்னா, 'படிச்சவரைக்கும் போதும், வைகாசியில கல்யாணம், கையோட சிங்கப்பூரு'ங்கிறாங்களாம். வீட்ல யாருகிட்ட சொல்லியும் காதுல போட்டுக்கலை. 'நீதான் என்னென்னமோ செய்வியே லின்சி, இதுக்கு ஒண்ணு செய்யேன்'னா. செஞ்சேன். ஈயத்தாள் போடாம சுட்டேன். பட்டுல கறை படக்கூடாதுன்னு ஒரு சொட்டு எண்ணெய் விடலை தெரியுமா? வாசம் மட்டுந்தான்! ஞானாம்பாள் அம்மா என்னை வைய வைய வாயத் தெறக்காம நின்னேன். தெறந்தா அவ மாட்டிக்குவால்ல? ரூமு போச்சு. எனக்கு அழுகையாத்தான் வருது, பரீட்சை வேற. ஆனா அவ திங்கக்கெழம காலேஜுக்குப் போறா. அது போதும் எனக்கு!

...அட, தெறந்துட்டீங்க! எனக்குத் தெரியும் ஆன்ட்டி, உங்களுக்கு நல்ல மனசு... என்னது? நாளைக்கா? இந்த வீட்லயா? பொண்ணு பாக்கவா வர்றாங்க?

ஐயய்யோ. இல்ல ஆன்ட்டி, நாளைக்கு ஞாயித்துக்கெழம, காலையிலேர்ந்து நான் கோயில்லதான் இருப்பேன், வீட்டுப் பக்கமே... சரி சரி, கத்தாதீங்க. போயிர்றேன். தியாகராசன் அண்ணே, வண்டிய எடுங்க.

ஒரு நிமிசம் ஆன்ட்டி. உங்களுக்குப் பின்னாடி சுடிதார் போட்டுக்கிட்டு நிக்கிறது உங்க பொண்ணுங்களா? இல்ல... அது ஏன் என்னையப் பாத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்புடுது?