மூன்றாவது கிளாஸ்

தேநீர் நன்றாகவே இருக்கிறது, ஐயா. புதினாதான் கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது. நீங்கள் வடக்கே பிறந்தவர், ஒரே கொதியில் வேலையை முடித்துவிடுகிறீர்கள். எங்கள் பாலைவனத்துத் தாக்லாவில் அதே இலையை மூன்று தடவை காய்ச்சி மூன்று கிளாஸ் கொடுத்தால்தான் அதற்குத் தேநீர் என்று பெயர். மூன்றாவது முடியாமல் ஒருவன் எழுந்து போனால், கூட இருப்பவர் முகத்தில் துப்பிவிட்டுப் போனதாக அர்த்தம். தயவுசெய்து இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது.

என் பெயர் கத்ரி. காயல் கரையில் இருக்கும் பட்டச் சறுக்கு முகாமில் பதினோரு வருடமாக மீட்புப் படகு ஓட்டுகிறேன். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகையில் ஏறி, எங்கள் காற்றில் தண்ணீர் மேல் பறப்பார்கள். பட்டம் விழுந்து எழும்பாமல் கிடந்தால் நான் போய் ஆளை அள்ளிக்கொண்டு வருவேன். இத்தனை வருடத்தில் ஒருத்தரையும் விட்டதில்லை. ஒரு பெல்ஜியக்காரரை அவருடைய பல்செட்டோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

யஹ்தீ அங்கே பயிற்சியாளன். கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் என்னை ஓடவைப்பதில் அவனுக்கு ஒரு குஷி. காயலுக்கு நடுவில் பட்டத்தை வேண்டுமென்றே தண்ணீரில் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டுவான். நான் விழுந்தடித்துக்கொண்டு படகை எடுத்துப் பக்கத்தில் போனதும் பட்டத்தைக் கிளப்பிக்கொண்டு என் தலைக்கு மேலேயே தாவிப் போவான்.

"கேப்டன், டீ ஆறிடப்போவுது, திரும்பிப் போ!"

கரையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கும் வேடிக்கை புரியும், ஐயா, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன வசந்தத்தில் தெஸ்லெமின் அப்பா மவ்லூத் முகாமுக்கு வந்தார். தெஸ்லெம் எங்கள் சமையல்காரி. மூன்று வருடமாக ஒட்டகக் கறியில் நல்ல துண்டு என் தட்டில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவள் அப்பா பாலைவனத்தில் ஒரு நாள் பயணம் செய்து வந்தது என்னைப் பார்க்கத்தான். நானே கரியை மூட்டினேன். நானே நுரை வர ஊற்றினேன். முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்து நான் உட்கார்ந்த நேரம் பார்த்து, யஹ்தீயின் பட்டம் விழுந்தது. இரண்டு கையும் ஆடின.

எழுந்து ஓடினேன். வேறென்ன செய்ய? அது என் வேலை. திரும்பி வந்தபோது மவ்லூத் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒருத்தன் தண்ணியில கிடந்தான்..."

"கிடந்தானா? அதோ பல்லக் காட்டிக்கிட்டு வர்றானே, அவன்தானா?"

"விளையாட்டுக்குப் பண்ணிட்டான் மாமா. உட்காருங்க, இன்னும் ரெண்டு கிளாஸ் இருக்கு."

"முத கிளாஸ்லயே விட்டுட்டு ஓடுற. நாளைக்கு எம் பொண்ண எந்த மணல்ல விட்டுட்டு ஓடுவியோ, யாரு கண்டா? போதும்ப்பா."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

யஹ்தீ மன்னிப்புக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டான். "அண்ணே, இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல. நான் வேணா போய் அவர்கிட்ட பேசட்டுமா?" என்றான். சொன்னபடி போய்ப் பேசினான். நன்றாகவே பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் நோன்பு முடிந்ததும் தெஸ்லெமுக்கும் அவனுக்கும் நிச்சயம் ஆயிற்று. அதுவரை என்னைக் கத்ரி என்று கூப்பிட்டவள், அன்று முதல் அண்ணே என்றாள். வலித்தது, ஐயா. வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்: இனி மூன்றாவது கிளாஸுக்கு முன்னால் எழுவதில்லை. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட வியாழக்கிழமைக்கு வருகிறேன். காற்று பலமாக இருந்தது. கடல் வடிகிற நேரம், தண்ணீர் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. மற்ற எல்லோரும் கரையேறிவிட்டார்கள், யஹ்தீ மட்டும் இறங்கினான். முகாம் மேலாளர் ஊருக்குள் போயிருந்தார். அன்று போலந்துக்காரத் தம்பதி ஒன்றுக்கு நான் தேநீர் காய்ச்சினேன். அன்றுதான் யஹ்தீயின் பட்டமும் விழுந்தது.

அந்த அம்மாள்தான் முதலில் கேட்டாள். "அங்க யாரோ தண்ணியில கிடக்கிற மாதிரி இருக்கே?"

"அவன் எப்பவும் அப்படித்தாம்மா. விளையாட்டுப் பிள்ளை."

அது பொய் இல்லை. எத்தனையோ தடவை அப்படித்தானே செய்திருக்கிறான்.

இரண்டாவது கிளாஸ் ஊற்றும்போது தெஸ்லெம் சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தாள்.

"அண்ணே, அவரு பட்டம் எழும்பவே இல்லையே. போய்ப் பாருங்களேன்."

"பார்த்துட்டேன்."

"பார்த்துட்டா உட்கார்ந்திருக்கீங்க?"

"ரெண்டாவதுதான் ஆவுது, தெஸ்லெம்."

முதலில் சிரித்தாள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் படகுக்கு ஓடினாள். சிவப்புக் கயிறு ஒன்று மாட்டாமல் அந்த இயந்திரம் கிளம்பாது. கயிறு என் அங்கியின் மார்புப் பையில் இருந்தது. திரும்ப ஓடி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்ரி, உன் காலப் புடிச்சுக் கேக்குறேன். உனக்குச் செஞ்சதெல்லாம் தப்புதான். அந்தக் கயித்தக் குடு."

பத்து மாதத்துக்குப் பிறகு மறுபடி கத்ரி. மனசு ஒரு நிமிஷம் ஆடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அவள் என் பைக்குள் கையை விடப் பார்த்தாள். கெண்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அவள் கையில் கொட்டிவிடக் கூடாதே என்று அதை இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆயிற்று என்று போலந்துக்காரர் பதறிக் கேட்டார். குடும்பச் சண்டை என்றேன். அவர் நாகரிகமானவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது கிளாஸ் இனிப்பாக, பதமாக வந்திருந்தது. குடித்து முடித்து, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படகை எடுத்தேன். நான்கு கிலோமீட்டர் தெற்கே இருந்தான். ஒருத்தரையும் விட்டதில்லை என்றேனே, அவனையும் விடவில்லை. கொண்டுவந்து கரையில் சேர்த்தேன்.

இது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். பட்டத்தை மிதக்கவைக்கும் காற்றடைத்த குழாய் வெடித்து, அது நனைந்த துணி மாதிரி தண்ணீரில் கிடந்தது. நூல் காலில் சுற்றி அவனை இழுத்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் தலை தெரியும், போகும், மறுபடி தெரியும். அதோடு, நடிக்கிறவன் கையை ஆட்டுவான். அன்று அவன் ஆட்டவில்லை. இரண்டு கைக்கும் நூலை அவிழ்க்கிற வேலை இருந்தது.

போலந்துக்காரரின் வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அவர் சொன்னது சரிதான். பட்டம் விழுந்தபோது அடுப்பு எரியவில்லை. நான் படகுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தொலைநோக்கியைக் கீழே வைத்தேன். சிவப்புக் கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். குளிக்கக் கிளம்பிய அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அதற்கப்புறம்தான் கரியைப் பற்றவைத்தேன். கரி ஈரம் வேறு, பிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. விசிறிக்கொண்டே இருந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி, ஐயா. கத்ரி இந்தத் தடவை மூன்று கிளாஸும் முடியும்வரை எழவே இல்லை என்று மவ்லூத்திடம் யாராவது போய்ச் சொன்னால் நன்றாக இருக்கும். தெஸ்லெமுக்கும் இப்போது வேறு இடத்தில் நிச்சயம் எதுவும் இல்லையே.