வெளியே இருபத்தஞ்சு

— இந்த மிச்சக் குழாய்த் துண்டை அள. உள்பக்கம் அள.

— வந்ததும் வராததுமா என்னக்கா...

— அளடா!

— பத்தொன்பது எம்எம்.

— நான் எழுதிக் குடுத்தது?

— இருபத்தஞ்சு. வெளிய அளந்து பாரு, துல்லியமா இருபத்தஞ்சு. கடையில நின்னு நானே அளந்துதான் வாங்கினேன்.

— இன்ஜினைக் குளிர வைக்கற கூலண்ட் என்ன, குழாய்க்கு வெளியவா ஓடும்? வாயைத் திற!

— ஆறு எம்எம்தானே. அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?

— ஆறுதானா? பாதி வழியையே அடைச்சு வெச்சிருக்க! இன்ஜின் விமானத்தோட மூக்குல இருக்கு, ரேடியேட்டர் வயித்துக்கு அடியில. நடுவுல ரெண்டு மீட்டர். சூடு அவ்வளவு தூரம் போய் ஆறி வரணும். நீ ஸ்ட்ரா மாட்டி வெச்சிருக்க.

— ரெண்டு வாரமா தரையில ஓட்டிப் பாக்கறோமே. சூடு காட்டற முள்ளு அசையவே இல்லையே?

— தரையில அசையாது. முழு வேகத்துல மேல ஏறும்போதுதான் சங்கதி. ரெண்டே நிமிஷம், சிவப்பைத் தாண்டிடும். மூடி ஓரமா ஆவி பீறிக்கிட்டு வரும். கண்ணாடியெல்லாம் புகைஞ்சு போகும்.

— கணக்குப் போட்டா கண்ணாடி புகையறதுகூடத் தெரியுமா?

— பேச்சை மாத்தாத! நாலு வருஷம் இந்தக் கொட்டகையில ரிவெட் ரிவெட்டா அடிச்சுக் கட்டின விமானம். நாளைக்கு ஆய்வாளர் வர்றார். அவர்கிட்ட இதையா காட்டறது?

— இன்னிக்கே மாத்திடலாம்க்கா. கோவிச்சுக்காத.

— அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாதுன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணோமே, அது காப்பாத்திச்சு. இல்லன்னா? என்ன, மூஞ்சி வெளிறுது?

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— சொல்ல மாட்டேன். பேசு.

— புதன்கிழமை... நீ வேலைக்குப் போனதும்... ஒரே ஒரு சுத்துதான்க்கா.

— அடப்பாவி!

— நீ சொன்ன மாதிரியேதான். ரெண்டு நிமிஷம், சிவப்பு, ஆவி. உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கினேன்.

— சத்தியம் பண்ணின வாய்தானே இது? ரெண்டு நாளா எனக்கு எதிர்ல உக்காந்து, ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி சாப்பிட்டியே! செத்துக் கித்துப் போயிருந்தா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?

— தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கணும்.

— என்ன கேள்வி வேண்டிக் கிடக்கு உனக்கு?

— இறங்கினதும் கூலண்ட் பாட்டிலைக் கழுத்து வரைக்கும் நிரப்பி வெச்சேன். இன்னிக்குக் காலையில பாத்தா அடி தெரியுது. தரையில ஓட்டினா சொட்டுக்கூடக் குறையாதேக்கா... அக்கா?

— புதன்கிழமையே வாயைத் திறந்து தொலைச்சிருந்தா, வியாழக்கிழமை நான் ஏறியிருப்பேனாடா!