பொக்கைத் தாத்தாவுக்கு விழுந்த அடி

வாய் நிறைய மல்லாட்டைக் கடலையை வைத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைச் சிரிக்கவைப்பது கஷ்டம், ஐயா. சிரித்தால் புரையேறும் என்று அவர்களுக்கே தெரியும். நான் மீசை முளைத்த நாள் முதல் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். விழுப்புரத்தில் நான் மேடையில் கால் வைத்தாலே சிரிப்பார்கள். திண்டிவனத்தில் மட்டும், அதுவும் மல்லாட்டை அறுவடை சமயத்தில், நாடகம் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்தத் திண்டிவனத்து ஜனத்தைத்தான் ஒரு பொம்மைப் படம், வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுச் சிரிக்கவைத்தது.

பேசும் படம் வந்து கம்பெனி கலைந்த பிறகு, ஜீவேந்திர நயினாரின் கூடாரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். நயினார் செஞ்சிப் பக்கத்துச் சமணர். விளக்கில் ஈசல் விழுந்து செத்தால்கூட முகம் வாடுகிறவர். பெரிய படத்துக்கு முன்னால் அவர் சீமையிலிருந்து வந்த அந்தப் பொம்மைப் படத்தைப் போடுவார். பேச்சு கிடையாது, வாத்தியம் மட்டும். ஒரு பொக்கைவாய்க் கிழவன், அவன் கிழவி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தொப்பி போட்ட ஒரு தடியன் வருவான். அவனுக்கு நம் ஜனங்கள் அமீனா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிழவன் முடியாது என்று நாக்கைத் துருத்துவான். அமீனா அடிப்பான். கிழவன் அப்பளமாகத் தட்டையாகிவிட்டு, உப்பிக்கொண்டு மறுபடி எழுந்திருப்பான். கிழவி சட்டியால் அமீனாவின் மண்டையில் போடுவாள். அவ்வளவுதான் படம்.

அதன்மேல் ஜனங்கள் உயிரையே வைத்திருந்தார்கள். பெரிய படம் பாதி ஓடும்போதுகூட, "பொக்கத் தாத்தாவப் போடு" என்று கூச்சல் எழும்பும். பகலெல்லாம் பிறத்தியார் நிலத்தில் குனிந்து வேலை செய்து, திட்டுக்கு எதிர்வார்த்தை பேச முடியாமல் வந்தவர்கள். அந்தக் கிழவன் எழுந்தால் தாங்களே எழுந்ததுபோல அவர்களுக்கு. நான் அதைக் குற்றம் சொல்லவில்லை.

விளம்பர வண்டியில் அந்தக் கூத்தை ஆள் வைத்து ஆடிக்காட்டலாம் என்பது என் யோசனை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், பலர் நயினாரின் யோசனை என்கிறார்கள். கிழவன் வேஷம் எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நயினார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கட்டுமஸ்தா இருக்கற நடராசா. அமீனா கட்டு. கெழவனுக்கு நெஜக் கெழவனே இருக்கறப்ப வேஷம் எதுக்கு?"

அப்படி வந்தவர்தான் தேவசகாயம். மூட்டை தூக்கத் தெம்பில்லாமல் போன பண்ணையாள், பல் ஒன்றுகூட இல்லை. அவர் மனைவி சவுரியம்மாள் முறத்தோடு கிழவியாக வந்தாள்.

என்னிடம் நாடகக் கழி இருந்தது. மூங்கிலை நுனியில் பிளந்து கட்டியிருக்கும். ஓங்கி அடித்தால் பட்டாசுச் சத்தம் வரும், வலிக்காது. எப்படி விழுவது, எந்தத் தாளத்துக்கு எழுவது என்று பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஏறவில்லை. தோன்றியபோது விழுந்தார், தோன்றியபோது எழுந்தார், எழுந்ததும் பொக்கை வாயைத் திறந்து நாக்கைத் துருத்தினார். அது நடிப்பே இல்லை, ஐயா. ஆனால் ஊர் ஊராக அவருக்குக் கேப்பைக்கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்கள் அவர் முகவாயைத் தடவி நெட்டி முறித்தார்கள். என்மேல் சாணி விழுந்தது. மயிலத்தில் ஒருத்தி, "வயசானவரப் போட்டு அடிச்சிக்கினு இருக்கியே, ஒன் கை வெளங்குமாடா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நடிகனுக்கு அதுவும் பாராட்டுதான். எனக்குப் பொறாமை கிடையாது.

ஒருநாள் பெரியவர் என் கையிலிருந்த கழியைப் பிடுங்கி, என் பின்புறத்தில் ஒன்று வைத்தார். ஜனம் விழுந்து புரண்டது. வண்டியை அவிழ்த்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"பெரியவரே, இனிமே அப்பிடிப் பண்ணாதீங்க."

"ஜனம் கேக்குதே தம்பி," என்றார். அப்புறம் என் தோளில் கை வைத்தார். "நீ வுழறதுதான் நல்லா இல்ல. ஒடம்ப வெறப்பா வச்சிக்கினு வுழற. நாளைக்கி வா, நான் சொல்லித் தர்றேன்."

பிரியமாகத்தான் சொன்னார். அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை நானே போய்க் கல்மூங்கில் ஒன்று வெட்டினேன். உள்ளே பொந்து இருக்காது, நல்ல கனம். பழைய கழியின் சாயத்தையே அதற்கும் பூசினேன்.

வண்டி மல்லாட்டை மண்டிக்கு எதிரே நின்றது. நல்ல சந்தைக் கூட்டம். முதல் அடியைத் தோளில் போட்டேன். பட்டாசுச் சத்தம் வரவில்லை, எலும்பு முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. பெரியவர் என்னைப் பார்த்தார். கூட்டத்துக்குக் கேட்காதபடி, "தம்பி, கழி மாறிப்போச்சி," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்தேன்.

அன்றைக்குத்தான் அவர் முறையாக விழுந்தார். கூட்டம் கை தட்டியது. "ஏந்துரு தாத்தா, ஏந்துரு" என்று கத்தினார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் அப்படியே படுத்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். கூப்பிட்டது அவர்கள், எழுந்தது அவர். வாய்மேல் அடித்தேன். மறுபடி கையை ஊன்றினார். அந்தக் கையை முறித்தேன்.

சவுரியம்மாள் முறத்தால் என் முதுகில் அடித்தாள். "ஐயோ, நெஜமா அடிக்கறான், யாராச்சும் புடிங்களேன்" என்று அலறினாள். படத்திலும் கிழவி மார்பில் அடித்துக்கொள்வாள் அல்லவா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரத்தத்தைச் சாயம் என்று நினைத்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாதவரை அடித்தேன். அதற்குப் பிறகும், உப்பிக்கொண்டு எழுந்திருப்பார் என்று காத்திருந்தார்கள். மேளத்தின் தோலில் ரத்தம் தெறித்ததும் வண்டி மேளக்காரன்தான் முதலில் வாசிப்பதை நிறுத்தினான். நான் மேடை வழக்கப்படி குனிந்து கும்பிட்டேன். அப்போதும் கை தட்டினார்கள்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நயினார் அழுதாராம். நல்ல மனுஷர். அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்து அடித்தேன், சாகவேண்டும் என்றே அடித்தேன். எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். பெரியவர்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சந்தையில் இருந்தவர்களை நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள். விசாரிக்கும்போது எனக்காக ஒன்று கேட்டுப்பாருங்கள், ஐயா. நான் கும்பிட்டபோது பெரியவர் செத்திருந்தார், செத்தவருக்கு யாரும் கை தட்டமாட்டார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று ஒரே ஒருவர் சொன்னாலும் போதும், அவர் யார் என்று மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.