மூன்று நீள விசில்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மற்றபடி நல்ல டீ.

நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டேன். நாலாவது வரியில் 'தவறுதலாக விசில் ஊதிவிட்டதால்' என்று இருக்கிறது. அதில் முதல் சொல்லை அடித்துவிடுங்கள். நான் பால் சேகரிப்பு நிலையத்தில் ஆறு வருடமாகக் கொழுப்பு அளவு பார்க்கிறவன். மூன்று புள்ளி எட்டு என்றால் மூன்று புள்ளி எட்டுதான். நாலு என்று போடச் சொல்லிக் கெஞ்சியவர்களும் உண்டு, முறைத்தவர்களும் உண்டு. போட்டதில்லை. என் வாக்குமூலத்திலும் அப்படி ஒரு சொல் வேண்டாம்.

நீங்கள் அழைத்து நான் வரவில்லை. நானாக வந்தேன். என் மச்சானைக் கொன்றது பன்றி என்று முடிவு செய்து, வரும் திங்கட்கிழமை மேட்டில் இருக்கிற அத்தனை பன்றிகளையும் சுட உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தேழு. குட்டிகளையும் சேர்த்து. அந்த உத்தரவு தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காட்டுப்பன்றிகள் எங்கள் பக்கம் திரும்பி வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முன் நாற்பது வருடம் ஒன்றுகூடக் கிடையாது. மேட்டு நிலத்தில் பயிர் வைத்தவர்கள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போனார்கள். நிலம் புதரானது, புதர் காடானது. காடு வந்ததும் பன்றி வந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதல் வருடம் ஊரே நின்று போட்டோ எடுத்தது. இரண்டாம் வருடம் மக்காச்சோளத்தில் கால்வாசி போனதும் போட்டோ எடுத்தவர்களே வாயில் வந்தபடி திட்டினார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் மனைவி போட்டிருந்த கிழங்குப் பாத்தியை ஒரு காலையில் முழுக்கப் புரட்டிப் போட்டிருந்தன. நான் வாளியோடு நின்றேன். அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "பரவாயில்ல, நல்லா ஆழமாத்தான் கொத்தியிருக்குங்க. உங்ககிட்ட சொல்லி மூணு மாசம் ஆச்சு," என்றாள்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியதும் அவள்தான். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். "நாம காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்குத்தான் அதுங்க குடி வந்திருக்கு. அதுக்காகச் சுடுவீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "வாடகை தரச் சொல்லும்மா, விட்டுடறோம்." கூட்டம் சிரித்தது. சிரித்த சூட்டில் கோபம் இறங்கிவிட்டது.

அன்றைக்கு முடிவானதுதான் எங்கள் ஏற்பாடு. வயலைச் சுற்றி வேலி. குப்பைத் தொட்டிகளுக்கு மூடி. பயிர் நிற்கும் மாதங்களில் தினமும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒரு வீட்டுக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டு வேலியோரம் நடக்க வேண்டும். சத்தம் கேட்டால் பன்றி ஒதுங்கிப் போய்விடும். வருடத்தில் ஒரே ஒரு நாள், அறுவடைக்குப் பிறகு, வனத்துறை அலுவலகம் சொல்லும் எண்ணிக்கைக்கு மட்டும் வேட்டை. அதற்கு மேல் ஒன்றும் கூடாது. இது இரண்டரை வருடம் நன்றாகவே நடந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பன்றிக்குட்டிகள் சாலையைக் கடக்கும்வரை பிள்ளைகளை எண்ணச் சொல்வார். கணக்கில் ஊரே தேறிவிட்டது என்று ஆசிரியைகள் கேலி செய்வார்கள்.

இந்த வருடம் அறுவடைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எங்கள் வீட்டு முறை வந்தது. என் மனைவி நடந்துகொண்டிருந்தாள். கால்வாய் திரும்பும் இடத்தில் ஒரு தாய்ப்பன்றி படுத்திருந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் குட்டிகள், அந்தப் பக்கம் தாய். தொடையில் கடி. ஏழரை மணிக்குத்தான் பார்த்தார்கள். தகரம் கையிலேயே இருந்தது. டாக்டர் பிற்பாடு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எந்த ரத்தக்குழாய், மேலே இறுக்கிக் கட்டியிருந்தால் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும், கட்டாவிட்டால் எத்தனை நிமிடம் என்று. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். இடது காது கிழிந்த பன்றி ஒன்று கால்வாயில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதிலிருந்து அதற்கு ஒத்தக்காது என்று பெயர்.

நான் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். உண்மைதான். வரவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனேன். எழுபத்திரண்டு மாதிரிகள் பார்த்தேன். ஒன்றிலும் பிழையில்லை.

மச்சான் அழுதார். டயர் கடை வைத்திருந்தார், ஆள் நல்ல கனம். கடையில் காற்றடிக்கிற கம்ப்ரசரை ஓடவிட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று அழுவார். வெளியே கேட்காது என்று நினைப்பு. தெருவுக்கே கேட்கும். தினமும் மத்தியானம் கேரியரோடு என் வீட்டுக்கு வருவார்.

"சாப்பிட்டியா மாப்ளே?"

"ஆச்சு மச்சான்."

"புளுகாதே. அடுப்புல சிலந்தி குடும்பம் நடத்துது. உக்காரு."

நான் கடைசி வாய் சாப்பிடும்வரை எதிரிலேயே இருப்பார். அவருக்கும் எனக்கும் பகை என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மாலை, கால்வாய்ப் பக்கம் போனேன். ஒத்தக்காது நாணல் ஓரம் நின்றிருந்தது. ஐந்து குட்டிகள். முப்பது அடி இருக்கும். என்னைப் பார்த்தது, ஓடவில்லை. என் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்த கண்கள் அவை. அவள் அன்றைக்கு என்ன முகத்தோடு இருந்தாள், ஏதாவது சொன்னாளா, யாரையாவது கூப்பிட்டாளா என்பதெல்லாம் அதற்கு மட்டும்தான் தெரியும். அது உயிரோடு இருக்கும்வரை அந்தக் காலை முழுதாக முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அதன் பிறகு தினமும் மாலை சோளக்கதிர் கொண்டுபோய்ப் போட்டேன். குட்டிகளின் முதுகிலிருந்த கோடுகள் மெல்ல மறைந்துகொண்டிருந்தன.

வேட்டைக்கு இந்த வருடம் பன்னிரண்டு என்று அனுமதி வந்தது. மச்சான் இதற்கென்றே துப்பாக்கி உரிமம் எடுத்திருந்தார். "பதினொண்ண யாரு வேணா சுட்டுக்குங்க. அந்த ஒண்ணு எனக்கு," என்று கூட்டத்தில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது நான் பேசிப் பார்த்தேன்.

"அதுக்கு என்ன தெரியும் மச்சான்? தன் குட்டிகளக் காப்பாத்திச்சு, அவ்வளவுதான்."

"நானும் என் தங்கச்சிய அப்படித்தான் மாப்ளே வளர்த்தேன்," என்றார்.



எங்கள் வேட்டை முறை உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மேட்டிலிருந்து ஆட்கள் நாய்களோடு சத்தம் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். கீழே வரிசையாக ஆறு பரண்கள், பரணுக்கு ஒரு துப்பாக்கி. எல்லாம் விசில்காரன் கையில். ஒரு நீள விசில் என்றால் ஆரம்பம். மூன்று நீள விசில் என்றால் முடிந்தது. மூன்றைக் கேட்டதும் முதலில் தோட்டாக்களை வெளியே எடுக்க வேண்டும், துப்பாக்கியைத் திறந்தபடி விசில்காரனுக்குக் காட்ட வேண்டும், பிறகுதான் இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தோட்டாவோடு இறங்கித் தன் காலிலேயே சுட்டுக்கொண்டார். அதிலிருந்து இந்த விதி. எதிரில் பன்றி நின்றாலும் மூன்று கேட்டால் தோட்டாவை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அப்போதிருந்து விசில்காரன் நான்தான். அளவில் ஏமாற்றாதவன் இதிலும் ஏமாற்ற மாட்டான் என்று என்னைப் போட்டார்கள்.

மச்சான் கால்வாய் ஓரத்து ஆறாம் பரணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசில்காரன் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் வழக்கமாக வரிசையின் நடுவில் இருக்கும். அன்று நான் அதை ஆறாம் பரணிலிருந்து இருபதடியில் போடச் சொன்னேன். காற்று ஒன்றாம் பரணிலிருந்து எங்கள் பக்கமாக அடித்தது. மேட்டில் நாய்ச்சத்தம் வேறு. நான் ஊதினால் மற்ற ஐந்து பேருக்கும் கேட்காது.

என் திட்டம் சின்னது. ஒத்தக்காது வரும்போது மூன்று ஊதுவேன். மச்சான் தோட்டாவை எடுப்பார். நான் கையை உயர்த்தி, இறங்காதீங்க, மேலேயே இருங்க என்று காட்டுவேன். அது கடந்து போய்விடும். அப்புறம், மன்னிச்சுக்குங்க மச்சான், தப்பா ஊதிட்டேன் என்பேன். அவர் நாலு வசவு வைவார். மத்தியானம் கேரியரோடு வருவார்.

பாதி அப்படியே நடந்தது. அது நாணலுக்குள் வந்து நின்றது. பரணின் ஏணி அடியிலிருந்து பத்தடி. டிரெய்லரில் நின்ற எனக்குத் தெரிந்தது, பரணின் பலகை மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. ஊதினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம். ஆனால் விதி விதிதான். இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். துப்பாக்கியைத் திறந்து எனக்குக் காட்டினார். நான் கையை உயர்த்தவில்லை. இறங்கலாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஏணியில் இறங்கினார்.

மேலே நாய்கள், கீழே ஏணியில் ஒரு மனிதன், நடுவில் ஐந்து குட்டிகள். அது வேறு என்ன செய்யும்?

அவருக்கும் தொடையில்தான் கடி. அவர் இரண்டு தடவை என்னை மாப்ளே என்று கூப்பிட்டார். இரண்டாவது மெதுவாகத்தான் கேட்டது. பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, சாலையைக் கடந்தது. கடைசிக் குட்டிக்குக் கரை ஏற வரவில்லை, இரண்டு தடவை சறுக்கியது. அதுவும் ஏறிப் புதருக்குள் போகும்வரை நான் டிரெய்லரிலேயே நின்றேன். நாலு நிமிடம். மேலே இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அதே டாக்டர் சொன்னார். எனக்கு முன்பே தெரியும். அன்று நான் பெல்ட் போட்டிருந்தேன்.

அதன் பிறகு மூன்று நீள விசிலை அடிவயிற்றிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி ஊதினேன். எல்லோரும் தோட்டாவை எடுத்துவிட்டு ஒழுங்காக இறங்கி வந்தார்கள். பார்த்ததும் என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். முன்பே ஒரு தடவை மூன்று ஊதியதை நானே சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு பேரா, பதற்றத்தில் ஊதிட்டே, உன்மேல தப்பில்ல என்றார்கள். எனக்கு ஒருவர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

நான் வருந்துகிறேனா என்று நீங்கள் இதோடு மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை என்று எழுதுங்கள். ஊர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தது, அதுகளோடு சேர்ந்து இருப்போம் என்று. முதல் அடி விழுந்ததும் ஊர் அந்த வாக்கை விட்டது. நான் விடவில்லை. என் மனைவி இருந்திருந்தால் அவளும் விட்டிருக்க மாட்டாள். இதற்குத் தண்டனை என்னவோ அதைக் கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. ஆனால் கொன்றது நான். பன்றி இல்லை. திங்கட்கிழமை உத்தரவை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் இதே வார்த்தைகளை நீதிமன்றத்தில் நின்று சொல்வேன், பத்திரிகைக்காரர்களிடமும் சொல்வேன்.

கையை ஏன் உயர்த்தவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் எங்களுக்குள் ஏதாவது பேச்சு நடந்ததா என்றும் கேட்கிறீர்கள். நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை. பன்றி வரும்வரை சும்மா காத்திருந்தோம். மச்சான் பரணிலிருந்து என்னைப் பார்க்காமல், நாணலையே பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார். கோபமெல்லாம் இல்லை.

"மாப்ளே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டு முறைக்கு எப்பவும் நீதானே போவே. அன்னைக்கு அவ எதுக்குப் போனா?"

அவள் என்னை இரண்டு தடவை எழுப்பினாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். சாதாரண விஷயம், எல்லா வீட்டிலும் நடப்பது. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நாணல் அசைந்தது. இதைக் காரணமென்று நீங்கள் எழுதக் கூடாது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், துல்லியமாகச் சொல்ல முடியும். அவர் கேட்டது ஏழு இருபதுக்கு. நான் ஊதியது ஏழு இருபத்தொன்றுக்கு. இடையில் ஒரு முழு நிமிடம் இருந்தது.